பனிவாரி

வாயில் மண்வாரி என்றுதான் வருகிறது.
மண்ணை வாரப் போகவில்லை நாங்கள்.
முன்பனி பின்பனி என்று இரண்டு பருவம் இருந்தும்
பனியை அள்ளத் தமிழில் ஒரு கருவி இல்லை.
புல்லில் நின்று, வெயில் ஏறுமுன் போய்விடும் அது.
அதை அள்ள யாருக்கு அவசியம்?

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் கடைக்காரர் பெக்கானிக்கும்
அதே குழப்பம், வேறு மொழியில்.
முதலில் காட்டியது தோட்டத்து ஸ்பேடு.
அப்புறம், பிராய் அடுப்பில் சாம்பல் வழிக்கும் தகரக் கரண்டி.
"மலையில் வருஷத்துக்கு நாலு நாள் பனி.
ஜனங்கள் கார் எடுத்துக்கொண்டு பார்க்கப் போவார்கள்.
அள்ளவா போவார்கள்?"
சிரித்தார். நானும் கொஞ்சம்.
யுகேஷ்ணி சிரிக்கவில்லை.
பின்கட்டுக்குப் போய் மூன்று கொண்டுவந்தார்,
யாரோ ஆர்டர் கொடுத்து, வாங்க வராமல் விட்டவை.

ஆரஞ்சு பிளாஸ்டிக். எடையே இல்லை.
எனக்கு அதுதான் பிடித்தது.
முதுகில் ஏற்கெனவே அரிசி, அடுப்பு, கூடாரம், டின் மீன்.
விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன், வளைந்தது.
புதுப் பனிக்குப் போதும்.
காற்று அடித்து இறுக்கிய பனி
நனைந்து காய்ந்த சிமெண்ட் மூட்டை.
அதில் இது சில்லுச் சில்லாய்ப் போகும்.

இரண்டாவது இரும்பு. நல்ல இரும்பு.
தூக்கிப் பார்த்துவிட்டுச்
சுவரோரம் சாய்த்து வைத்தேன், மரியாதையாக.

மூன்றாவது அலுமினியம்.
இழுத்தால் நீளும் காம்பு, கழற்றினால் பைக்குள் அடங்கும்.
பிடி மட்டும் இரண்டு வகை, ஏதாவது ஒன்றை மாட்டலாம்:
குறுக்குக் கட்டை, அல்லது வளையம்.
கட்டை ஐம்பது கிராம் குறைவு.
டயாலிசிஸ் வார்டில் ஆள் ஆளாய் நிறுத்து
வந்தபோது இத்தனை, போகும்போது இத்தனை என்று
எழுதுகிறவள் நான். ஐம்பது கிராம் எனக்குப் பெரிது.
"கட்டை" என்றேன்.

யுகேஷ்ணி கடை நடுவில் நின்று
கையுறையை மாட்டினாள்.

போன ஆடி. ஜயன்ட்ஸ் காசிலுக்கு மேலே.
ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்;
எங்கள் கூடாரம் பறந்திருக்கலாம், பறக்கவில்லை.
படுத்துவிட்டது. மேலே பனி. உள்ளே நான்.
ஒன்றுக்குப் போயிருந்தவள் திரும்பி வந்து
எது கூடாரம், எது மேடு என்று தெரியாமல் நின்றாள்.
வெளியே வைத்திருந்த வாணலியால் தோண்டினாள்.
வாணலியின் காம்பு போன பிறகு கையால்.
எவ்வளவு நேரம் என்று
நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை.
வலது கையின் கடைசி இரண்டு விரல்களுக்கு
இன்னமும் சூடு தெரியாது.
தேநீரை இடது கையால் தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பாள்.

கட்டையைப் பிடித்துக்கொண்டு
கடைக் காற்றை வாரினாள். ஒன்று. இரண்டு.
மூன்றாவதில், அவளுக்கே தெரியாமல் நழுவி
பெக்கானியின் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்தது.
அவர் எடுத்துக் கொடுக்கவில்லை.
குனிந்து, கட்டையைக் கழற்றி, வளையத்தை மாட்டிக் கொடுத்தார்.
கையுறையோடு முழுக் கையும் உள்ளே போனது.
விரல் விட்டாலும் வளையம் விடவில்லை.

"எண்ணூற்று இருபது ராண்ட்" என்றார்.
கார்டை நான் நீட்டினேன்,
அவள் பர்ஸைத் திறப்பதற்குள்.

நார்த்டேலில் காரிலிருந்து இறக்கும்போது
எதிர்வீட்டு மிஸஸ் படையாச்சி வேலிக்கு மேலே எட்டி,
"இந்தக் குளிரில் என்ன நடப் போகிறீர்கள்?"
ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி
கப்பல் ஏறி வந்த வழியில் தலைகீழாகிவிட்டது,
இந்த ஊர் ஆடியில் புல்கூடக் கருகிக் கிடக்கிறது.
"நட இல்லை ஆன்ட்டி" என்றாள் யுகேஷ்ணி.
அதோடு விட்டுவிட்டாள்.

பின்பக்கம், கொத்தனார் விட்டுப்போன மணல் மேடு.
என் தூங்கும் பையைச் சுருட்டி அடியில் வைத்து மூடினோம்.
கையுறை போட்டு, கண்ணை மூடி, முதலில் நான்.
துணி தட்டுப்படும்வரை அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நாலு நிமிஷம்" என்றாள்.
பிறகு, "புதை. திரும்பவும்."